கியூபாவில் என்னதான் நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் கல்லூரி மாணவர்களின் பனியனிலும் சே குவேராவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் நாட்டில் இன்று ஒரு கோடிக்கும் குறைவான மக்கள் மின்சாரத்துக்கும் ரொட்டிக்கும் மருந்துக்கும் அல்லாடுகிறார்கள். கியூபா என்று பேச்செடுத்தால் இரண்டு பதில்கள்தான் காதில் விழுகின்றன. எல்லாம் அமெரிக்காவின் சதி என்பார்கள். சோஷலிசம் என்றாலே இப்படித்தான் முடியும் என்பார்கள். இரண்டும் போதாது என்று நினைக்கிறேன். நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என்னால் முடிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கியூபா இன்னும் சோஷலிச நாடுதானா?

சட்டப்படி ஆமாம். 2019 ஏப்ரல் 10 முதல் நடப்பில் இருக்கும் அரசியல் சாசனம், சோஷலிசத்தை மாற்ற முடியாது என்கிறது. கம்யூனிஸ்ட் கட்சி ஒன்றே நாட்டை வழிநடத்தும் சக்தி என்றும் சொல்கிறது. அதே சாசனம் தனியார் சொத்தையும் அங்கீகரிக்கிறது. பள்ளி, மருத்துவமனை, வங்கி, பெரிய தொழில்கள், பத்திரிகை எல்லாம் அரசிடம். கடைத்தெருவில் கதை வேறு: சில்லறை விற்பனையில் பாதிக்கும் மேல் தனியார் கைக்குப் போய்விட்டதாக 2024 கணக்குகள் காட்டுகின்றன. எல்லாரும் சமம் என்ற வாக்குறுதியில் பிறந்த நாட்டில், கையில் டாலர் இருப்பவர் ஒரு வாழ்க்கையும் இல்லாதவர் இன்னொரு வாழ்க்கையும் வாழ்கிறார்கள். கியூபாவில் நடந்த மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

புரட்சி மக்களுக்கு உண்மையில் என்ன கொடுத்தது?

1959 ஜனவரி 1 அன்று சர்வாதிகாரி பாத்திஸ்தா நாட்டைவிட்டு ஓடியபோது, கியூபா லத்தீன் அமெரிக்காவின் பரம ஏழை நாடு அல்ல. தலைநகர் ஹவானாவில் காரும் தொலைக்காட்சியும் சூதாட்ட விடுதிகளும் நிறைய இருந்தன. கிராமம் வேறு உலகம். கரும்பு வெட்டுபவருக்கு ஆண்டில் சில மாதங்களே வேலை. மீதி மாதங்களை அங்கே 'செத்த காலம்' என்றே சொல்வார்கள். கடன் வாங்கிச் சாப்பிட வேண்டும், அல்லது சாப்பிடாமல் கிடக்க வேண்டும். நாட்டில் நால்வரில் ஒருவருக்கு, கிராமங்களில் அதைவிட அதிகமானவர்களுக்கு, எழுதப் படிக்கத் தெரியாது.

1959 மே மாதத்தில் நிலச் சீர்திருத்தம் வந்தது. 1960இல் வந்த சட்டம் வாடகைக்குக் குடியிருந்தவர்களை அந்த வீட்டுக்கே சொந்தக்காரர்கள் ஆக்கியது. 1961இல் நடந்த எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிகளை மூடிவிட்டு ஒரு லட்சம் மாணவர்களை மலைக்கும் சேரிக்கும் அனுப்பினார்கள். பெரும்பாலோர் பதின்வயதினர்; பாதிக்கும் மேல் பெண் பிள்ளைகள். துணையில்லாமல் தெருவுக்குக்கூட அனுப்பாத வீடுகளிலிருந்து அந்தப் பெண்கள் கிளம்பினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாடப்புத்தகம், ஒரு தூளிக் கட்டில், ஒரு லாந்தர் விளக்கு. பகலில் விவசாயியோடு வயலில் வேலை. இருட்டியதும் அந்த லாந்தர் வெளிச்சத்தில் அவருக்கே பாடம். ஆண்டு முடிவதற்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கக் கற்றார்கள். உலகில் இதற்கு இணையாக நடந்தவை மிகக் குறைவு. நான் இதை மனதார மதிக்கிறேன்.

அதே கை வேறு காரியங்களும் செய்தது. சுதந்திரமான பத்திரிகைகள் மூடப்பட்டன. எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள், சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1965 முதல் 1968 வரை ஒருபாலீர்ப்பு கொண்டவர்களையும் சில மதத்தினரையும் உழைப்பு முகாம்களில் அடைத்தார்கள். அதற்குத் தானே பொறுப்பு என்று புரட்சியின் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோ 2010இல்தான் ஒப்புக்கொண்டார். 1968 மார்ச்சில், அதுவரை தப்பியிருந்த 50,000க்கும் மேற்பட்ட சின்னக் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. பலகாரக் கடை, செருப்புத் தைக்கும் கடைகூட மிஞ்சவில்லை. இன்று வரை நீளும் பல கஷ்டங்களுக்கு விதை அந்த ஆண்டில் போடப்பட்டது என்பது என் கருத்து.

'சிறப்புக் காலம்' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

சோவியத் யூனியன் கியூபாவின் சர்க்கரையைச் சந்தை விலைக்கு மேல் வாங்கியது. மலிவாக எண்ணெய் கொடுத்தது. வெளிநாட்டு வணிகத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சோவியத் அணி நாடுகளோடுதான். 1991இல் சோவியத் உடைந்ததும் அது அப்படியே அறுந்துபோனது. 1989க்கும் 1993க்கும் இடையே பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. அந்த நெருக்கடிக்கு அரசு வைத்த பெயர் 'அமைதிக் காலத்துச் சிறப்புக் காலம்'.

பேருந்துகள் நின்றன. சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமான சைக்கிள்கள் வந்து இறங்கின. டிராக்டருக்குப் பதில் மாடு திரும்ப வந்தது. 50,000க்கும் மேற்பட்டோருக்குக் கண்பார்வையும் நரம்பும் பாதிக்கும் நோய் வந்தது. போதிய சத்தில்லாததே முக்கியக் காரணம். வீட்டுக் குளியலறையில் பன்றி வளர்த்தார்கள். 1994 ஆகஸ்ட் 5 அன்று ஹவானாவின் கடற்கரைச் சாலையான மலெக்கோனில் கலவரம் வெடித்தது. அடுத்த சில வாரங்களில் 30,000க்கும் மேற்பட்டோர் டயர் டியூபிலும் பலகையிலும் கட்டிய மிதவைகளில் ஃபுளோரிடா நோக்கிக் கடலில் இறங்கினார்கள். எத்தனை பேர் கரை சேரவில்லை என்ற கணக்கு யாரிடமும் சரியாக இல்லை.

1993 ஆகஸ்டில் அரசு டாலர் வைத்திருப்பதைச் சட்டப்படி அனுமதித்தது. பிழைக்க வேறு வழி இல்லை. அன்றைக்குத்தான் சமத்துவத்தில் முதல் விரிசல் விழுந்தது. அமெரிக்காவின் மயாமியில் அண்ணன் இருந்தவர் கடையில் சோப்பு வாங்கினார். அதே தெருவில் இருந்த அறுவை சிகிச்சை மருத்துவர் வாங்கவில்லை. ஹோட்டலில் பெட்டி தூக்குபவருக்குக் கிடைத்த டிப்ஸ், பேராசிரியரின் மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

ரேஷன் அட்டை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அரிசியும் எண்ணெயும் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. 1962இல் வந்த அந்தச் சின்னப் புத்தகத்துக்கு 'லிப்ரெத்தா' என்று பெயர். பொருள் தரும் கடை 'போதேகா'. நம் ரேஷன் கடை ஏழைகளுக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு. லிப்ரெத்தா அமைச்சர் வீட்டுக்கும் கூலிக்காரர் வீட்டுக்கும் ஒரே அளவு. அரிசி, சர்க்கரை, பயறு, எண்ணெய், காபி, முட்டை, குழந்தைகளுக்கு ஏழு வயது வரை பால். காபியில் பட்டாணியை வறுத்துக் கலந்திருப்பார்கள். அந்த ருசிக்கே பழகிய தலைமுறைகள் உண்டு.

இப்போது அந்தப் புத்தகம் மெலிந்துகொண்டே போகிறது. 2024 பிப்ரவரியில், குழந்தைகளுக்குப் பால்பவுடர் வேண்டும் என்று ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் கியூபா கேட்டது. பெருமையை விட்டுக் கேட்க வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி என்று புரியும். அதே ஆண்டு செப்டம்பரில், ஆளுக்கு ஒரு நாளைக்குக் கொடுக்கும் ஒற்றை ரொட்டியின் எடை 80 கிராமிலிருந்து 60 கிராமாகக் குறைந்தது. சாமான் வந்திருக்கிறதா என்று பார்க்க போதேகாவுக்கு நடந்து திரும்புவதிலேயே பல முதியவர்களின் காலைப்பொழுது போய்விடுகிறது.

எல்லாவற்றுக்கும் அமெரிக்கத் தடைதான் காரணமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கியூபாவோடு வணிகம் செய்ய அமெரிக்கா போட்ட இந்தத் தடை அநியாயம். 1960 ஏப்ரலில் லெஸ்டர் மல்லோரி என்ற அமெரிக்க வெளியுறவு அதிகாரி எழுதிய உள்குறிப்பு பின்னர் வெளியானது. பெரும்பாலான கியூபர்கள் காஸ்ட்ரோவை ஆதரிக்கிறார்கள்; ஆகவே பணமும் பொருளும் போகாமல் தடுத்து, பசியையும் விரக்தியையும் உண்டாக்கி, ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சாதாரண மக்களின் வயிற்றை ஆயுதமாக்கும் திட்டம் அது. 1962 பிப்ரவரியில் கென்னடி முழுத் தடையை அறிவித்தார். 1992, 1996 சட்டங்கள் அதை இறுக்கின. கியூபத் துறைமுகத்தைத் தொட்ட கப்பல் 180 நாட்களுக்கு அமெரிக்கத் துறைமுகம் போகக் கூடாது. மூன்றாம் நாட்டு நிறுவனம்கூட கியூபாவில் முதலீடு செய்தால் அமெரிக்க நீதிமன்றத்தில் நிற்க நேரலாம். 2021 ஜனவரியில் பயங்கரவாதத்தை ஆதரிக்கும் நாடுகள் பட்டியலிலும் கியூபாவைச் சேர்த்தார்கள். 2025 ஜனவரியில் பைடன் நீக்கினார். ஆறே நாளில் டிரம்ப் திரும்பச் சேர்த்தார். இந்தப் பட்டியலைக் கண்டாலே வங்கிகள் ஓடுகின்றன. 1992 முதல் ஐ.நா. பொதுச்சபை ஆண்டுதோறும் தடையைக் கண்டிக்கிறது. இந்தியாவும் கண்டித்தே வாக்களிக்கிறது.

சரி, தடை நீங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 2000இல் வந்த ஒரு சட்டப்படி அமெரிக்காவிலிருந்து உணவு வாங்கலாம், கையில் காசு கொடுத்து. ஹவானாவில் சமைக்கும் கோழியில் பெரும்பங்கு அமெரிக்கக் கோழி. கியூபா தன் கோழியைத் தானே வளர்க்கவும், தன் அரிசியைத் தானே விளைவிக்கவும் முடியாமல் போனதற்குக் காரணம் வாஷிங்டனில் மட்டும் இல்லை. விளைச்சலை அரசின் கொள்முதல் அமைப்பிடம், அது வைத்த விலைக்கு விற்க வேண்டும். பணம் மாதக்கணக்கில் வராது. லாரி வராமல் தக்காளி வயலிலேயே அழுகும். விவசாயி எதற்காகப் பாடுபடுவார்?

தரிசாகக் கிடந்த நிலங்களை 'மராபூ' என்ற முள்மரம் விழுங்கியது. அது வேறு ஒன்றும் இல்லை, நம் கரிசல் காட்டுக்காரர்கள் விடத்தேரை என்று சொல்லும் அதே மரம்தான். ஒரு காலத்தில் உலகுக்கே சர்க்கரை விற்ற தீவில் பல லட்சம் ஹெக்டேரில் விடத்தேரை மண்டியது. 2017இல் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான முதல் கியூபச் சரக்கு, அந்த முள்மரத்தை எரித்து எடுத்த கரி.

இன்னொன்று. சுற்றுலாப் பயணிகள் வருவது பாதிக்கும் கீழே குறைந்த பிறகும், அரசு முதலீட்டில் மிகப் பெரிய பங்கு ஹோட்டல் கட்டுவதற்கும் அது சார்ந்தவற்றுக்கும் போனது. விவசாயத்துக்குச் சில சதவீதம்தான். ஹவானாவில் 40 மாடிகளுக்கு மேல் உயர்ந்த ஒரு ஹோட்டல் கோபுரம் 2025இல் திறக்கப்பட்டது. சுற்றிலும் பழைய வீடுகள் மழைக்கு இடிந்து விழுகின்றன. இதை முடிவு செய்தது எந்த அமெரிக்க அதிபரும் அல்ல. தடை அநியாயம் என்பது உண்மை என்பதால் இந்த முடிவுகள் நியாயமாகிவிடாது.

ரவுல் காஸ்ட்ரோ என்ன மாற்றினார்?

ஃபிடலுக்கு உடல்நலம் கெட்டதும் 2006 ஜூலையில் தம்பி ரவுல் பொறுப்பேற்றார். 2008 பிப்ரவரியில் அதிபரானார். கியூபர்கள் கைபேசி வைத்துக்கொள்ளலாம், தங்கள் நாட்டு ஹோட்டல்களிலேயே தங்கலாம் என்பது 2008இல்தான் அனுமதிக்கப்பட்டது. தரிசு நிலம் விவசாயிகளுக்கு அனுபவப் பாத்தியமாகக் கொடுக்கப்பட்டது. 2010இல் சுயதொழிலுக்கான அனுமதி விரிந்தது. முடி திருத்துபவர், குடை பழுது பார்ப்பவர் என்று 178 தொழில்களைப் பட்டியல் போட்டு அனுமதித்தார்கள். பட்டியலில் இல்லாதது எதுவும் செய்யக் கூடாது என்றும் அதற்குப் பொருள். 2011இல் வீடும் காரும் வாங்கவும் விற்கவும் முடிந்தது. 2013 ஜனவரியில், வெளிநாடு போக அரசிடம் வாங்க வேண்டியிருந்த 'வெள்ளை அட்டை' என்ற வெளியேறும் அனுமதி ஒழிந்தது. ஒரு தலைமுறையே அந்த அட்டைக்காக ஏங்கிக் கிடந்தது.

மாற்றங்கள் நல்லவை. வேகம்தான் இல்லை. 'அவசரப்படாமல், நிற்காமல்' என்பது ரவுலின் வாசகம். நடைமுறையில் பலமுறை நின்றார்கள், சில முறை திரும்பியும் நடந்தார்கள்.

ஒபாமா போனாரே, அது என்ன ஆனது?

2014 டிசம்பர் 17 அன்று இரு நாடுகளும் உறவைப் புதுப்பிப்பதாக அறிவித்தன. 2015 ஜூலையில் தூதரகங்கள் திறந்தன. 2016 மார்ச்சில் ஒபாமா ஹவானா போனார். வீட்டு அறையை வாடகைக்கு விட்டவர்களும் 'பலாதார்' என்ற வீட்டு உணவகம் நடத்தியவர்களும் முதல்முறையாக நாளையைப் பற்றித் திட்டம் போட்டார்கள். டிரம்ப் வந்ததும் பயணமும் பணம் அனுப்புவதும் மறுபடி முடக்கப்பட்டன, பிறகு கொரோனா. வந்த வாய்ப்பை ஹவானாவும் முழுதாகப் பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம். கதவு திறந்திருந்த அந்த இரண்டு ஆண்டில் நாணயத்தையும் விவசாயத்தையும் சீர்செய்திருக்கலாம்.

2021 நாணய மாற்றம் ஏன் இப்படிக் கெட்டது?

1994 முதல் நாட்டில் இரண்டு நாணயங்கள்: சம்பளத்துக்குச் சாதாரண பெசோ, டாலருக்கு இணையான இன்னொரு பெசோ. 24 சாதாரண பெசோவுக்கு ஒன்று. அரசு நிறுவனங்களின் கணக்கிலோ ஒன்றுக்கு ஒன்று! எது லாபம், எது நட்டம் என்று யாராலும் சொல்ல முடியாத குழப்பம். ஒழிக்க வேண்டியதுதான். ஆனால் 2021 ஜனவரி 1 அன்று ஒழித்தார்கள்: கொரோனாவால் விமானங்கள் நின்று, கடையில் பொருளே இல்லாத நேரம். சம்பளத்தைப் பல மடங்கு உயர்த்தினார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2,100 பெசோ ஆனது. பணம் பெருகி, பொருள் பெருகாவிட்டால் என்ன ஆகும் என்று எந்தச் சந்தை வியாபாரியும் சொல்வார். 24 பெசோவுக்கு ஒரு டாலர் என்பது காகிதத்தில் மட்டும் நின்றது. தெருவில் அது 100ஐத் தாண்டியது, 2024இல் 300ஐயும் தாண்டியது.

வாழ்நாள் முழுக்க ஆசிரியராக இருந்தவரின் சேமிப்பு சில மாதங்களில் கரைந்தது. அரசே டாலருக்கு மட்டும் பொருள் விற்கும் கடைகளைத் திறந்தது. 2021 ஆகஸ்டில் 100 பேர் வரை வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்ததும் ஆயிரக்கணக்கில் அவை முளைத்தன. பாஸ்தா, எண்ணெய், பியர் எல்லாம் இப்போது அங்கே கிடைக்கும். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம்.

2021 ஜூலை 11 அன்று என்ன நடந்தது?

ஹவானாவுக்கு அருகே சான் அந்தோனியோ தெ லோஸ் பாஞோஸ் என்ற சிற்றூரில் மின்வெட்டு பொறுக்காமல் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2018 டிசம்பரில்தான் கைபேசியில் இணையம் வந்திருந்தது. நேரலைக் காட்சி பரவ, ஒரே நாளில் பல டஜன் ஊர்களில் கூட்டம். "சுதந்திரம்" என்று கத்தினார்கள். "பசிக்கிறது" என்றும் கத்தினார்கள். புரட்சிக்குப் பிறகு இத்தனை ஊர்களில் இப்படி நடந்ததே இல்லை. அதிபர் மிகேல் தியாஸ் கனெல் தொலைக்காட்சியில் தோன்றி, புரட்சியாளர்கள் தெருவில் இறங்க வேண்டும், போராட உத்தரவு கொடுத்தாயிற்று என்றார். இணையம் துண்டிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். தேசத்துரோக வழக்குகளில் 30 ஆண்டு வரை தண்டனை விழுந்தது.

கல் எறிந்தவர்களும் கடையை உடைத்தவர்களும் இருந்தார்கள். அதற்காக ஒரு இளைஞனை இருபது, முப்பது ஆண்டு உள்ளே வைப்பதை எந்த நியாயத்திலும் என்னால் பொருத்திப் பார்க்க முடியவில்லை. பசித்தவன் கேள்வி கேட்டதற்காகத்தானே 1959இல் புரட்சியே நடந்தது? 2025 ஜனவரியில் வத்திக்கான் பேச்சுவார்த்தையை ஒட்டி 553 கைதிகளை விடுவிப்பதாக அரசு அறிவித்தது. அவர்களில் ஜூலை 11 வழக்குகளில் சிக்கியவர்களும் வீடு திரும்பினார்கள்.

அங்கே தேர்தல் உண்டா?

உண்டு. ஊர் அளவில் தெருக்கூட்டத்தில் பெயர் முன்மொழிந்து, ஒன்றுக்கு மேற்பட்டவர் நிற்கிறார்கள். தேசிய சபைக்கோ 2023 மார்ச்சில் 470 இடங்களுக்கு 470 வேட்பாளர்கள். அதிபரை அந்தச் சபை தேர்ந்தெடுக்கும். முன்பு பத்தில் ஒன்பது பேர் வாக்களிக்கப் போவார்கள். 2023இல் நான்கில் ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். அதுவும் ஒரு வாக்குத்தான்.

சமூகத்தில் நல்ல மாற்றம் எதுவும் இல்லையா?

உண்டு. 2022 செப்டம்பர் 25 அன்று புதிய குடும்பச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஒருபால் திருமணம், அவர்கள் குழந்தை தத்தெடுப்பது, பேரக்குழந்தையைப் பார்க்கத் தாத்தா பாட்டிக்கு உள்ள உரிமை, வீட்டு வேலையின் மதிப்பு எல்லாம் அதில் உண்டு. மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். உழைப்பு முகாம்களில் ஒருபாலீர்ப்பு கொண்டவர்களை அடைத்த அரசு, அறுபது ஆண்டுக்குள் இந்த இடத்துக்கு வந்தது. மூன்றில் ஒருவர் எதிர்த்து வாக்களித்ததும், அந்த எண்ணிக்கை அப்படியே வெளியானதும் கியூபாவுக்குப் புதுசு. தேசிய சபையில் பாதிக்கும் மேல் பெண்கள்.

கறுப்பின மக்களின் நிலை இன்னும் சிக்கலானது. புரட்சி சட்டத்தில் இருந்த நிறப் பாகுபாட்டைத் துடைத்தது. மருத்துவர், பொறியாளர் என்று ஒரு பெரும் தலைமுறை எழுந்தது. அப்புறம் டாலர் வந்தது. முதலில் மயாமிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்; அவர்கள் அனுப்பிய பணம் வெள்ளையர் வீடுகளுக்கே போனது. அறை வாடகைக்கு விடும் அளவுக்கு நல்ல வீடும் அவர்களிடமே இருந்தது. எந்தச் சட்டமும் இல்லாமலே பழைய இடைவெளி திரும்பிவிட்டது.

கியூப மருத்துவம் உலகப் புகழ் பெற்றதாயிற்றே, அதுவுமா சரிந்தது?

தெருவுக்குத் தெரு குடும்ப மருத்துவர் என்ற அந்த ஏற்பாடு உண்மையான சாதனை. 2021இல் சொந்தமாகக் கொரோனா தடுப்பூசி செய்து தன் மக்களுக்குப் போட்டது இந்தச் சின்ன நாடு. ஆனால் தடுப்பு மருந்து இருந்தும் அதை ஏற்றும் சிரிஞ்சுக்கு வெளியே கையேந்த வேண்டியிருந்தது. ஆயிரம் பிறப்புக்கு 4 ஆக இருந்த சிசு மரணம் 2024இல் 7ஐத் தாண்டியது. இந்தியாவோடு ஒப்பிட்டால் இன்றும் குறைவுதான். கீழே இருந்து மேலே போகும் திசைதான் கவலை தருகிறது. 2022இல் ஒரே ஆண்டில் சுமார் 12,000 மருத்துவர்கள் பணியிலிருந்து குறைந்தார்கள். மிஞ்சியிருப்பவர்களில் பலரை அரசு வெளிநாட்டுக்கு அனுப்பி அந்த வருமானத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. நோயாளி இப்போது தையல் நூலையும் கையுறையையும் மாத்திரையையும் தேடிப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறார்.

மின்வெட்டு ஏன் இவ்வளவு மோசம்?

அனல்மின் நிலையங்கள் நாற்பது ஆண்டுப் பழசு. வெனிசுவேலா ஒரு காலத்தில் நாளைக்கு ஒரு லட்சம் பீப்பாய் அளவுக்கு எண்ணெய் தந்தது, பின்னர் அது வெகுவாகக் குறைந்தது. 2024 அக்டோபர் 18 அன்று மதான்சாஸில் உள்ள அந்தோனியோ கிதெராஸ் மின் நிலையம் நின்றதும் நாடு முழுவதும் இருண்டது. அதன் பிறகு ஓராண்டுக்குள் இன்னும் நான்கு முறை. 2025இல் சீன உதவியோடு சூரிய மின்பூங்காக்கள் வரிசையாக எழுந்தன. பகலில் உதவுகிறது, கியூபர்கள் 'அப்பகோன்' என்று சொல்லும் இருட்டு வருவது பொழுது சாய்ந்த பிறகு.

சீனா, வியட்நாம் போலக் கியூபா ஏன் மாறவில்லை?

வியட்நாம் 1986இல் சீர்திருத்தம் தொடங்கியபோது விவசாயியின் கையை முதலில் அவிழ்த்துவிட்டது. சில ஆண்டுகளில் அரிசி ஏற்றுமதி செய்தது. 1994இல் அமெரிக்கா அதன் மீதான தடையை நீக்கியது. கியூபாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில் ஃபுளோரிடாவில், பறிபோன சொத்தைத் திரும்பக் கேட்கும் பணக்கார உறவினர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தையைத் திறந்தால் ஆட்சியும் போய்விடும் என்ற அச்சம் கட்சிக்கு எப்போதும் உண்டு. அச்சம் புரிகிறது. அதற்கு விலை கொடுத்தவர்கள் வயலில் இருந்தவர்கள். 2025இல் பினார் தெல் ரியோ மாநிலத்தில் ஒரு வியட்நாம் நிறுவனம் கியூப நிலத்தைப் பெற்று நெல் பயிரிட்டது. சொந்த விவசாயிக்கு அதே சுதந்திரத்தை எப்போதோ கொடுத்திருக்கலாம்.

ஈழப் பிரச்சினையில் கியூபா ஏன் இலங்கை அரசின் பக்கம் நின்றது?

தமிழ் வாசகர்கள் தவறாமல் கேட்பது இது. 2009 மே மாதம், வன்னியில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்த சில நாட்களிலேயே, ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தைக் கியூபா ஆதரித்தது. இந்தியாவும்தான். 2012இல் இந்தியா மாறியபோதும் கியூபா மாறவில்லை. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் வெளியார் தலையிடக் கூடாது என்பது அதன் கொள்கை. இன்று இலங்கைக்கு வருவது நாளை தனக்கு வரும் என்ற கணக்கு. காரணம் தெரிந்த பிறகும் எனக்கு வலி குறையவில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்பதாகச் சொன்ன நாட்டிடம் நாம் எதிர்பார்த்தது வேறு. அதே சமயம், ஹவானாவில் ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் மூதாட்டி அந்த வாக்கைப் போடவில்லை என்பதையும் மறக்க மாட்டேன்.

எத்தனை பேர் வெளியேறியிருக்கிறார்கள்?

2021 நவம்பரில் நிகரகுவா விசா தேவையில்லை என்றதும் வழி திறந்தது. வீட்டை விற்று விமான டிக்கெட் வாங்கினார்கள். 2022 நிதியாண்டில் மட்டும் 2.2 லட்சத்துக்கும் மேல் கியூபர்கள் அமெரிக்க எல்லையை அடைந்தார்கள். 1980இல் மரியெல் துறைமுகம் வழியாக நடந்த, உலகமே பேசிய வெளியேற்றத்தில் போனவர்கள் 1.25 லட்சம். ஒரு கோடியே 11 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2024 முடிவில் 97.5 லட்சம் என்று அரசே சொல்கிறது. போனவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் வயதினர், பிள்ளை பெறும் வயதினர். வகுப்பறையில் ஆசிரியர் இல்லை. சில ஊர்களில் பேஸ்பால் ஆட ஆள் இல்லை.

அப்படியானால் அங்கே மிஞ்சியிருப்பது யார்?

முதியவர்கள். நால்வரில் ஒருவருக்கு 60 வயதுக்கு மேல். மகளும் மகனும் டெக்சாஸிலோ மாட்ரிட்டிலோ இருந்து டாலர் அனுப்பும் வீடு தப்பித்துக்கொள்கிறது. யாரும் இல்லாதவர்களுக்கு ஓய்வூதியம் மட்டும்தான். 2025 வரை குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,528 பெசோ. 30 முட்டைகள் கொண்ட ஓர் அட்டை அதைவிட விலை அதிகம்.

2025 ஜூலையில் தொழிலாளர் துறை அமைச்சர் மார்த்தா எலெனா ஃபெய்தோ, கியூபாவில் பிச்சைக்காரர்கள் இல்லை, பிச்சைக்காரர் வேடம் போட்டவர்களே இருக்கிறார்கள் என்று தேசிய சபைக் குழுவில் பேசினார். குப்பைத் தொட்டியைக் கிளறும் முதியவர்களைத் தினமும் பார்க்கும் மக்கள் கொதித்துப் போனார்கள். மறுநாளே அவர் பதவி விலக நேர்ந்தது. தெருவில் இறங்காமலே மக்களின் கோபம் ஓர் அமைச்சரை இறக்கியது அங்கே அபூர்வம். அந்த மாதமே ஓய்வூதிய உயர்வை அறிவித்தார்கள். குறைந்தபட்சத் தொகை இரட்டிப்பாகி 3,056 பெசோ ஆனது. அப்போதைய விலையில் முட்டை அட்டை ஒன்று வாங்கலாம்.

1961இல் லாந்தர் விளக்கோடு மலையேறிய பிள்ளைகள் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். அன்று பதினைந்து வயது என்றால் இன்று எண்பதைத் தொட்டிருப்பார்கள்.